கோத்தகிரி சோலையோரத்தில் ஒரு நீள்கொம்பு அந்துப்பூச்சி: அடையாளம் கண்டதும் வாழிடம் காத்ததும்

பின்னணி

கோத்தகிரிக்குக் கிழக்கே, சோலைக்காட்டின் ஒரு துண்டை ஒட்டி இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான பட்டா நிலம். மேட்டில் தேயிலை, கீழே ஓடையோரத்தில் முட்டைக்கோஸும் பீன்ஸும். நிலத்துக்குச் சொந்தக்காரர் அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. கொழுந்து பறிப்பது, கவ்வாத்து, காய்கறிப் பாத்தி எல்லாவற்றையும் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்கிறவர். பேரன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அந்தப் பள்ளியின் இயற்கை மன்றத்தை நடத்தும் ஆசிரியை வழியாகத்தான் செய்தி எனக்கு வந்தது.

தேயிலைக்கும் சோலைக்கும் நடுவே ஆறேழு அடி அகலத்தில் ஒரு புதர்ப்பட்டை ஓடுகிறது. மலைத்தும்பை, குறிஞ்சி இனத்துச் செடிகள், இடையிடையே உண்ணிச்செடி, வெள்ளைப் பூப்பூக்கும் யூப்பட்டோரியம். சோலை மரங்களின் சருகு வருடக்கணக்காக அங்கே விழுந்து, கால் வைத்தால் கணுக்கால்வரை அமிழ்கிறது. அந்த ஆண்டு அந்தப் பட்டையை முழுக்க வெட்டி, சருகை வாரிக் கொளுத்திவிடுவது என்று நிலத்துக்கார அம்மா முடிவு செய்திருந்தார். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலையில் கரடியும் காட்டெருமையும் நடமாடுவது புதிதல்ல. விடிகாலையில் ஒற்றையாளாகக் கொழுந்துக்குப் போகிறவருக்குப் புதர் என்றால் பயம்தான். இந்தக் காரணத்தை நாங்கள் கடைசிவரை மனதில் வைத்துக்கொண்டோம். இதை ஒதுக்கிவிட்டுப் பூச்சியைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

மே மாதத் தொடக்கத்தில், கோடை மழை நின்று வெயில் அடித்த வாரத்தில், அந்தப் புதர்மேல் சின்னச் சின்னப் பூச்சிகள் பொன்னாக மின்னிக்கொண்டு கூட்டமாகப் பறந்தன. "இத்தனை வருஷத்துல இப்படிப் பார்த்ததில்ல. புதுசா ஏதோ வந்திருக்கு, மருந்து அடிச்சிடட்டுமா டீச்சர்?" என்று பேரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மருந்துக் கடையில் விசாரித்து ஒரு புட்டியும் வாங்கி வைத்தாயிற்று.

நேரில் கண்டது

காலை ஒன்பதரைவரை ஒன்றும் தென்படவில்லை. வெயில் புதர்மேல் நேராக விழத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக எழுந்தன. தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில், ஒரே இடத்தில் மேலும் கீழுமாக ஆடியபடி பறந்தன. மேகம் மறைத்தால் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் இலைமேல் அமர்ந்துவிடும்; வெயில் திரும்பினால் மறுபடி எழும். பறப்பவற்றைக் கண்ணால் பின்தொடர்வது கடினம். முதலில் தெரிவது உடல் அல்ல, இரண்டு வெள்ளை இழைகள். அவை உணர்கொம்புகள்.

அமர்ந்திருந்ததை வரைபடத்தாள் ஒன்றைப் பக்கத்தில் பிடித்துக் கைபேசியில் படமெடுத்தோம். முன்னிறகு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். கூட்டத்தில் பறந்தவற்றின் உணர்கொம்பு 20 மில்லிமீட்டரைத் தொட்டது. அடிப்பக்கம் கருமை, நுனியை நோக்கிப் போகப்போக வெண்மை. முன்னிறகில் உடலை ஒட்டிய பகுதி வெண்கல நிறம், நடுவுக்கு அப்பால் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை, அதன் இரு விளிம்பிலும் ஊதா கலந்த வெள்ளிக்கோடு. மலைத்தும்பைப் பூக்களில் தனியாக உட்கார்ந்திருந்த சிலவற்றுக்கு உணர்கொம்பு இறகைவிடக் கொஞ்சமே நீளம், அதுவும் அடிப்பாதியில் கருஞ்செதில் அடர்ந்து தடித்திருந்தது. அவற்றில் ஒன்று மலராத மொட்டின் பக்கவாட்டில் வயிற்று நுனியை வளைத்து அழுத்தி, சில நொடி அசையாமல் நின்று, அடுத்த மொட்டுக்கு நகர்ந்தது. இதைப் பேரன்தான் முதலில் கவனித்தான்.

புதரில் கட்டியிருந்த சிலந்தி வலையில் இறந்துபோன ஆண் ஒன்று (நீண்ட கொம்புடையது ஆண், குட்டைக் கொம்புடையது பெண்) கிடைத்தது. ஒரு கொம்பு முறிந்திருந்தது, மற்றபடி முழுசு. அதை வெண்ணெய்த்தாளில் மடித்து, இடம், நாள், உயரம், பக்கத்திலிருந்த செடி ஆகியவற்றை எழுதித் தீப்பெட்டிக்குள் வைத்தோம். உயிரோடு எதையும் பிடிக்கவில்லை. சோலைப்பகுதி காப்புக்காடு, அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்கவும் இல்லை. பார்த்தது, எடுத்தது அனைத்தும் பட்டா எல்லைக்குள்.

எழுந்த சந்தேகங்கள்

பக்கத்து நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு "இது வைரமுதுகுதான்" என்று உறுதியாகச் சொன்னார். நீலகிரியில் முட்டைக்கோஸ் போடும் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுவாகவே இருக்கும். கோஸ் இலையை அரிக்கும் புழுவின் வளர்ந்த பூச்சியான வைரமுதுகு அந்துப்பூச்சியும் இதே அளவுதான். ஆனால் அது இறகை மடித்து உட்காரும்போது முதுகில் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. உணர்கொம்பு உடலைவிடக் குறைவு, உட்கார்ந்திருக்கும்போது முன்னால் நீட்டி வைத்திருக்கும். பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் பறப்பது. இங்கே இருந்ததற்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை.

ஆசிரியைக்கு வேறு சந்தேகம். ஓடை பக்கத்திலேயே இருக்கிறது. இளம்பருவத்தை நீரில் கழிக்கும் கேடிஸ் பூச்சிகளில் ஒரு குடும்பத்துக்கு இதேபோல் மிக நீண்ட உணர்கொம்பு உண்டு, ஓடைக்கரையில் கூட்டமாகவும் பறக்கும். இது நியாயமான ஐயம். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வரிசைக்கு மிக நெருங்கிய உறவு கேடிஸ் வரிசையே. இரண்டையும் பிரிப்பது இறகும் வாயும். தீப்பெட்டியில் இருந்ததைப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்சில் பார்த்தோம். இறகு முழுக்க ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள். கேடிஸுக்கு அங்கே மெல்லிய மயிர் மட்டும் இருக்கும். தலையில் செம்மஞ்சள் நிறத்தில் சிலிர்த்த மயிர்க்கற்றை. அதற்குக் கீழே சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல். கேடிஸுக்குச் சுருளும் குழல் கிடையாது. இதைப் பார்த்ததும் அந்துப்பூச்சிதான் என்பது முடிவாயிற்று.

இது நீள்கொம்பு வண்டாக இருக்குமோ என்று மாணவர் ஒருவர் கேட்டதற்கு இறகே விடை: வண்டின் முன்னிறகு கெட்டியான ஓடு.

சிறிய உடல், பகலில் பறத்தல், உலோகப் பளபளப்பு, ஆணின் மிக நீண்ட உணர்கொம்பு, பெண்ணின் குட்டையான கொம்பு, சிலிர்த்த தலை. இவை எல்லாம் ஒன்றாகக் கூடினால் வந்து நிற்கும் குடும்பம் அடெலிடே. உலகில் ஏறத்தாழ 300 சிற்றினங்கள் கொண்ட சிறு குடும்பம். யூக்கா செடிக்கு மகரந்தம் சேர்க்கும் புகழ்பெற்ற அந்துப்பூச்சிகள் இதற்கு உறவு.

மருந்தா, காத்திருப்பா

பெயர் தெரிந்துவிட்டதால் மட்டும் மருந்துப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. அம்மா கேட்டது நேரான கேள்வி: "இன்னிக்குப் பூவுல இருக்கிறது நாளைக்குக் கோஸுல இறங்காதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

இந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையை அவரிடம் விளக்கினோம். பெண்பூச்சியின் வயிற்று நுனியில் கூரிய முட்டையிடும் உறுப்பு இருக்கிறது. செடித்திசுவைக் குத்தி உள்ளே முட்டையைச் செருகும், பல இனங்களில் பூவின் சூலகத்துக்குள். புழு தொடக்கத்தில் அந்த விதையையோ திசுவையோ தின்னும். பிறகு தரைக்கு இறங்கி, சருகுத் துணுக்குகளை வெட்டித் தைத்துத் தட்டையான ஒரு கூடு கட்டிக்கொண்டு, அதைச் சுமந்தபடியே காய்ந்த இலையைத் தின்று வளரும். வளர்ந்த பூச்சி தேன் குடிக்கும். பச்சைக் கொழுந்தையோ கோஸ் இலையையோ நாடும் பூச்சி இல்லை.

ஆனாலும் வாய்ச்சொல்லை நம்பிப் பயிரை விடுங்கள் என்று கேட்பது சரியாகப் படவில்லை. ஆகவே நிபந்தனையோடு ஒரு முடிவெடுத்தோம். கோஸ் பாத்தியில் பத்துச் செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டினோம். பேரன் வாரம் ஒருமுறை அவற்றின் இலைகளை அடிப்புறம் திருப்பிப் பார்த்துக் குறித்துவைப்பான். இந்தப் பூச்சிக்குரிய புழுவோ புதுவகைச் சேதமோ தெரிந்தால் உடனே தோட்டக்கலைத் துறையில் காட்டி, அவர்கள் சொல்லும் மருந்தை அடிக்கலாம். அதுவரை புட்டி திறக்கப்படாது.

மருந்தைத் தள்ளிப்போட வேறு இரண்டு காரணங்களும் இருந்தன. கொழுந்து ஒரு வாரத்துக்குள் பறிக்க வேண்டிய நிலையில் இருந்தது. வாங்கி வைத்திருந்த மருந்து தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் அனுமதிக்கப்பட்ட ஒன்றா என்று கடையில் யாரும் சொல்லவில்லை. எச்சம் தெரிந்தால் ஆலை அந்த இலையைத் தள்ளிவிடும். அடுத்தது ஓடை. புதர்ப்பட்டையில் அடிப்பது சரிவில் நேராக ஓடைக்குப் போகும், கீழே ஊர் குடிப்பதும் அந்த நீரைத்தான். இந்த இரண்டும் அம்மாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், சொன்னதும் தலையாட்டினார்.

கரடி விஷயத்தில் பேச்சு நீண்டது. கடைசியில் எட்டிய ஏற்பாடு இது: நடைபாதையை ஒட்டிய பக்கத்தில் ஆள் உயரப் புதரை வெட்டிப் பார்வை தெரியும்படி ஆக்குவது, உண்ணிச்செடியை வேரோடு எடுப்பது, சோலைப் பக்கத்து மூன்றடிப் பட்டையில் மலைத்தும்பையையும் குறிஞ்சிச் செடிகளையும் இடுப்பளவுக்குக் கீழே விட்டுவைப்பது, சருகை எங்கும் கொளுத்தாமல், பாதையில் கிடப்பதை மட்டும் அந்தப் பட்டைக்குள் தள்ளிவிடுவது. புதரை மொத்தமாகக் காப்பாற்ற வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. விடியலில் தனியாகப் போகிறவர் அவர். அவர் கண்ணுக்கு வழி தெரியவேண்டும் என்பதில் பேரம் இல்லை.

பெயரைத் தேடியது

சிற்றினப் பெயர் தேடியபோது முதலில் நினைவுக்கு வந்தவர் ஹாம்சன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தவந்து, 1891 இல் இம்மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றி லண்டன் அருங்காட்சியகத்துக்காகத் தனித்தொகுதி எழுதியவர். 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளுக்கு நான்கு தொகுதிகள் கொடுத்தவர். நீலகிரிக்காரர் யாரும் பெருமையோடு புரட்டவேண்டிய நூல்கள். ஆனால் அவை பெரிய அந்துப்பூச்சிகளுக்கானவை. அடெலிடே போன்ற சிற்றந்துப்பூச்சிக் குடும்பங்கள் அவற்றில் இடம்பெறவில்லை.

இந்தியாவின் சிற்றந்துப்பூச்சிகளில் பெரும்பகுதிக்குப் பெயரிட்டவர் எட்வர்ட் மெய்ரிக். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே உலகெங்குமிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து ஆயிரக்கணக்கான இனங்களை விவரித்தவர், 1938 இல் மறைந்தார். எங்கள் ஆசிரியைக்கு இதைக் கேட்டதும் தனி உற்சாகம். மெய்ரிக்கின் விவரிப்புகள் சுருக்கமானவை. பெரும்பாலும் படம் கிடையாது. இறகின் நிறத்தையும் கோட்டையும் நம்பி எழுதப்பட்டவை. அங்கேதான் சிக்கல். இந்தப் பூச்சியின் பளபளப்பு சாயத்தால் வருவதில்லை. செதிலின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. ஒரே பூச்சியை நாங்கள் வெயிலில் எடுத்த படம் பொன், நிழலில் எடுத்தது வெண்கலம், பக்கவாட்டில் எடுத்தது ஊதா. 'பொன்னிறம்', 'செம்பு நிறம்' என்ற சொல்லை வைத்து எந்த விவரிப்போடும் பொருத்திவிடலாம், பொருத்தாமலும் விடலாம்.

ஆகவே நிறத்தை விட்டுவிட்டு மாறாத அடையாளங்களைப் பட்டியலிட்டோம்: மஞ்சள் பட்டை இறகின் எந்தப் பங்கில் வருகிறது, அதன் உள்விளிம்பு நேரா வளைவா, ஆண் கொம்புக்கும் இறகுக்கும் உள்ள விகிதம், பெண் கொம்பில் செதில் எதுவரை அடர்ந்திருக்கிறது, தலைமயிரின் நிறம், ஆணின் கண்ணளவு. படங்களையும் இந்தப் பட்டியலையும் சிற்றந்துப்பூச்சிகளில் தேர்ந்த ஓர் ஆய்வாளருக்கு அனுப்பினோம். அவர் பதில் தெளிவாக இருந்தது: நெமோஃபோரா பேரினம். சிற்றினத்துக்கு ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அருங்காட்சியகத்தில் உள்ள மூலமாதிரியோடு, அதாவது எதை வைத்து அந்தப் பெயர் முதலில் இடப்பட்டதோ அந்த மாதிரியோடு, ஒப்பிட வேண்டும். மரபணுப் பட்டைக்குறி (இனத்தை அடையாளம் காட்டும் சிறு டி.என்.ஏ. பகுதி) உதவும், ஆனால் ஒப்பிடப் பெயர் உறுதியான மாதிரி முதலில் வேண்டும்.

பதிவில் 'நெமோஃபோரா, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை' என்றே எழுதினோம். மாணவர்களுக்கு இதில் ஏமாற்றம். இணையத்தில் இதே மாதிரிப் படம் ஒன்றுக்கு முழுப்பெயர் இருக்கிறதே, அதையே போட்டால் என்ன என்று கேட்டார்கள். அந்தப் படம் ஐரோப்பாவின் இனம். மஞ்சள் பட்டையும் வெள்ளிக்கோடும் இந்தப் பேரினத்தில் பல இனங்களுக்குப் பொது. கடல் தாண்டிய இனத்தின் பெயரைக் கோத்தகிரிப் பதிவில் எழுதினால், அடுத்து வருகிறவர் அதை நம்பி இன்னொரு பதிவு போடுவார். நான்கைந்து பதிவு சேர்ந்துவிட்டால் பிடுங்குவது கடினம். இதை விளக்கியபின் அவர்களே பட்டியலில் 'பெண் கொம்பு, அடிப்பாதி' என்ற வரியை இன்னும் நுணுக்கமாக எழுதித் தந்தார்கள்.

சருகுக்குள்

பெயரோடு நின்றுவிட எனக்கு மனம் வரவில்லை. வளர்ந்த பூச்சி காற்றில் வந்ததாகவும் இருக்கலாம். புழு அங்கேயே வளர்கிறது என்றால்தான் அந்த மூன்றடிப் பட்டை அதன் வீடு. அம்மாவிடம் கேட்டு, செப்டம்பரில் பட்டைக்குள்ளிருந்து சருகைக் கையளவு கையளவாக எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பித் தேடினோம்.

மேல் சருகில் ஒன்றும் இல்லை. கீழே, பாதி மக்கி ஈரமாக ஒட்டிக்கிடக்கும் அடுக்கில்தான் கூடுகள் இருந்தன. ஏழெட்டு மில்லிமீட்டர் நீளம், தட்டை, நடுவில் சற்றே இடுங்கியது. மேலும் கீழும் சருகுத்துண்டு, விளிம்பில் பட்டுநூல் தையல். துணியில் வைத்தால் சிறிது நேரம் அசைவில்லை. பிறகு ஒரு முனையிலிருந்து பழுப்புத் தலை நீண்டு, முன்கால்களால் துணியைப் பற்றி இழுத்துக்கொண்டு நகரும்.

இதை வைத்தே முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. நம் வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையான கூட்டைச் சுமந்துகொண்டு ஊரும் புழுவை எல்லாரும் பார்த்திருப்போம். அது வேறு குடும்பம். ஒட்டடை, மயிர், கம்பளித் துணுக்குத் தின்பது. சருகுக்குள்ளும் அந்தக் குடும்பத்தின் உறவுகள் உண்டு. கூட்டின் வடிவம் மட்டும் சான்றாகாது. சில கூடுகளை அதே இடத்துச் சருகோடு ஒரு மண்தொட்டியில் இட்டு, மல்துணியால் வாய் கட்டி, பள்ளித் தாழ்வாரத்தின் நிழலில் வைத்தோம். சருகு காயாமல் தண்ணீர் தெளிப்பது மாணவர்கள் பொறுப்பு. பனிக்காலத்தில் இரண்டு பூஞ்சை பிடித்து அழிந்தன.

பின்னர் நடந்தது

கோஸ் பாத்தியின் பத்துச் செடிகளிலும் அந்தப் பருவம் முழுக்கப் புதுவகைச் சேதம் எதுவும் இல்லை. எப்போதும் வருகிற வைரமுதுகுப் புழு கொஞ்சம் வந்தது. கையால் பொறுக்கியே சமாளித்தார். புதர்மேல் பறந்த கூட்டம் மே மாதக் கடைசியில் மெலிந்து, ஜூன் மழை பிடித்ததும் மறைந்தது. மருந்துப் புட்டி திறக்கப்படாமலே கடைக்குத் திரும்பிப்போனது.

அடுத்த ஏப்ரல் கடைசியில் மண்தொட்டியின் மல்துணிக்கு அடியில் ஒரு பெண்பூச்சி அமர்ந்திருந்தது. அடிப்பாதி தடித்த கொம்பு, மஞ்சள் பட்டை, ஊதாக்கோடு. பட்டியலின் ஒவ்வொரு வரியையும் அதன்மேல் சரிபார்த்தோம். கிழிந்த கூட்டையும், அதன் வாயில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த கூட்டுப்புழுத் தோலையும் தனியாக எடுத்து வைத்தோம். பூச்சியை அன்றே பட்டையில் விட்டோம். இந்த இனம் அந்தச் சருகில்தான் வளர்கிறது என்பதற்கு இதுவே எங்களிடம் உள்ள உறுதியான சான்று. மொட்டில் வயிற்றை அழுத்தியதை முட்டையிடும் நடத்தையாகப் பதிவு செய்திருக்கிறோம். மொட்டைப் பிளந்து முட்டையைப் பார்க்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

அந்த மே மாதம் மூன்றடிப் பட்டைமேல் மறுபடி கூட்டம் எழுந்தது. பக்கத்து நிலத்தில் புதரை வெட்டிச் சருகைக் கொளுத்தியிருந்தார்கள். அங்கே ஒன்றும் பறக்கவில்லை. கொளுத்தியதால்தான் என்று இதை எழுதிவிட ஆசை வரும். ஆனால் அங்கே சில்வர் ஓக் மரங்களையும் எடுத்துவிட்டதால் நிழலும் ஈரமும் மாறியிருந்தன. ஒரே ஒரு பருவத்தின் ஒப்பீடு அது. 'காணப்படவில்லை' என்று மட்டும் பதிந்தோம்.

கரடி அந்தப் பக்கம் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். "வரும், போகும். இப்ப முன்னாடியே கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

இனி மாற்றவேண்டியவை

பள்ளி மன்றம் ஒவ்வொரு ஜூலையிலும் வெள்ளைத்துணியும் விளக்கும் வைத்து இரவில் அந்துப்பூச்சி பார்க்கிறது. அந்தத் துணியில் இந்தப் பூச்சி ஒருமுறையும் உட்கார்ந்ததில்லை, உட்காரவும் வாய்ப்புக் குறைவு; வெயிலில் பறப்பது அது. கோடை மழைக்குப் பின் வரும் வெயில் நாட்களில், காலை பத்து மணியை ஒட்டி, சோலையோரப் பூக்களில் பகல்நேரக் கணக்கெடுப்பு ஒன்றையும் சேர்த்திருக்கிறோம். கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலையின் ஓரத்தில், வனத்துறை அனுமதி பெற்று, பாதையிலிருந்து பார்க்கும் அளவில் அதைத் தொடங்குவது திட்டம்.

படம் எடுக்கும் முறையும் மாறுகிறது. முதல் நாளே ஆண், பெண் இரண்டையும், மேலிருந்தும் பக்கவாட்டிலும், வெயிலிலும் நிழலிலும், அளவுத்தாளோடு எடுப்பது; பூச்சி அமர்ந்த செடியின் பூ, இலை, தண்டு ஆகியவற்றையும் அப்போதே எடுப்பது. மலைத்தும்பையில் நீலகிரியிலேயே பல இனங்கள் இருப்பதால், செடியின் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து வைப்பதும் சேர்ந்தது. சிலந்தி வலைகளைத் தவறாமல் பார்ப்பது மாணவர்களுக்கு இப்போதே பழக்கமாகிவிட்டது. எதையும் கொல்லாமல் மாதிரி கிடைக்கும் வழி அது.

வளர்ப்புத் தொட்டியில் பூஞ்சையைத் தடுக்க, அடியில் மணலும் கரியும் ஒரு அடுக்குப் போட்டு, தண்ணீரை ஓரத்தில் மட்டும் விடுகிறோம். தீப்பெட்டியில் உள்ள ஆணின் மாதிரியை முறையான அனுமதிகளோடு ஓர் அருங்காட்சியகத்தில் சேர்க்க எழுதியிருக்கிறோம். உறுப்பைப் பிரித்துப் பார்ப்பது அங்கே நடக்கும். சிற்றினப் பெயர் வந்தால் பதிவில் சேர்ப்போம். பழைய வரியை அழிக்காமல், தேதியிட்டு அதன் கீழே.